மூன்று ஓலைக்குள்

சிங்கப்பூர், 2-9-78, சனி
காலையிலிருந்து மழை. துணி காயவில்லை.
ஸ்டெல்லாவின் கல்யாணச் சேலைக்கு உள்பாவாடை அளவெடுத்தேன். இடுப்பு போன மாதத்தைவிட இரண்டு அங்குலம் கூடுதல். அடிவயிற்றில் இடப்பக்கம் ஏதோ கெட்டியாக. அழுத்தினாலும் வலிக்கவில்லையாம்.
"காத்தா இருக்கும் லா அண்ணி."
என்னவாக இருக்கலாம்: வாயு. மலச்சிக்கல். அல்லது அது.
தீட்டு வந்து இரண்டு மாதமாம். எப்போதும் அப்படித்தானாம். ஒன்பது வருடமாக நான் நோன்பிருந்து கேட்டும் கிடைக்காதது, என் நாத்தனாருக்குக் கேட்காமலே. வயிறு எரிகிறது.

3-9, ஞாயிறு
கோயிலில் முதல் கல்யாண ஓலை. சாமியார் ஸ்டெல்லா பெயரையும் மாப்பிள்ளை சேவியர் பெயரையும் வாசித்தார். தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்றார். இன்னும் இரண்டு ஞாயிறு வாசிக்க வேண்டும். அதற்குள் வெளியே தெரிந்தால் குடும்ப மானம் போச்சு.
சேவியர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருஷமே பேரப்புள்ளய பாத்துடணும்" என்றாள். அடுத்த வருஷம் வரைக்கும் எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

5-9, செவ்வாய்
டாக்டரிடம் போகலாம் என்கிறாள். தோ பாயோ கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பவள் நம் கோயில் தெரேசா. சாயங்காலத்துக்குள் சிராங்கூன் ரோடு முழுக்கத் தெரிந்துவிடும். ஓலை முடியட்டும் என்றேன்.
இயேசு படத்தின் முன் முழந்தாளிட வைத்துக் கேட்டேன்.
"சேவியர் என் கையக்கூட தொட்டதில்ல அண்ணி."
அறைந்தேன். அவள் அண்ணன், என் வீட்டுக்காரர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.
வாங்கியது: அன்னாசி 2, கருஞ்சீரகம், விளக்கெண்ணெய், பல்பு.

8-9, வெள்ளி
மாதா பிறந்தநாள். பாயசம். அன்னாசி தின்று ஸ்டெல்லாவுக்கு வாயெல்லாம் புண். கட்டி அப்படியே.
"வலிக்கல அண்ணி. ஆனா பெரிசாவுது."
எம்.சி. லீவுச் சீட்டு கேட்கப் பயந்து ஃபேக்டரிக்குப் போய்விட்டாள்.

10-9, ஞாயிறு
இரண்டாம் ஓலை. தடை சொல்ல யாரும் எழவில்லை. வயிறு தெரியாமல் சேலையை இழுத்துவிட்டேன்.
மதியம் பாயில் படுக்க வைத்தேன். விளக்கெண்ணெய் தேய்த்து இரண்டு கையாலும் கீழ்நோக்கி அழுத்தினேன். உள்ளே ஏதோ விட்டுக்கொடுத்தது. கத்தினாள். வாயில் துண்டை வைத்தேன். இறங்குகிறது என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன், அதையும் எழுதத்தான் வேண்டும்.

11-9, திங்கள்
காய்ச்சல். வயிறு பலகை மாதிரி. டாக்சி, ஆஸ்பத்திரி.
தமிழ் நர்ஸ் ஒருத்தி: "கர்ப்பமெல்லாம் இல்ல. சூல்பையில கட்டி. வலிக்காமலே வளரும். இப்ப உடைஞ்சிருக்கு. விழுந்தாங்களா? அடி கிடி பட்டுச்சா?"
இல்லை என்றேன்.
"அடிவயித்துல கட்டின்னா புள்ள மட்டும்தானா? கர்ப்பப்பையில சதை வளரும், குடல் இறங்கும், நெறி கட்டும். முன்னாடியே வந்து காட்டியிருக்கலாம் லா."
சாயங்காலமே ஆபரேஷன். கர்ப்பப்பை, இரண்டு சூல்பை, எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள்.

14-9, வியாழன்
கெட்ட கட்டியாம். உடைந்ததால் உள்ளே சிந்தியிருக்கிறதாம். ஸ்டெல்லாவுக்குச் சொல்லவில்லை. கட்டியை மட்டும் எடுத்தார்கள் என்று நினைக்கிறாள்.
வீட்டுக்காரர் விளக்கெண்ணெய் போத்தலை எடுத்துக் குப்பையில் போட்டார்.

17-9, ஞாயிறு
பூசைக்கு முன் சேவியர் அம்மா கேட்டாள், என்ன ஆபரேஷன் என்று. குடல்வால் என்று சொல்லச் சொல்லியிருந்தார் அவர். நான் உள்ளதைச் சொன்னேன். கோயிலில் பொய் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவள் நேராகச் சாமியார் அறைக்குப் போனாள். மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை.
மாலை ஆஸ்பத்திரி. ஆரஞ்சு நாலு.
"மூணாவது ஓலை வாசிச்சாங்களா அண்ணி?"
"வாசிச்சாங்க."
"யாரும் தடை ஒண்ணும் சொல்லலையே?"
"இல்ல."
பக்கத்துக் கட்டில் சீன அம்மாவிடம் மூன்று விரலைக் காட்டிச் சிரித்தாள்.