உதாரணத்துக்கு உன் தம்பி

மோகா,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் யோகாஸ்தாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி ராடாமெஸும் உடம்பளவில் சௌக்கியமாக இருக்கிறோம், அங்கே அமெரிக்காவில், பிராவிடன்ஸில் பனிக்கும் வேலைக்கும் நடுவே நீயும் அப்படியே இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். உடம்பளவில் என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பாய், மற்றதைக் கீழே எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ பத்து வார்த்தை பேசிவிடுகிறாய், அதில் பாதி இங்கிலீஷ். போன மாதம் முட்டையிடுகிற கோழி எல்லாம் ஒரே ராத்திரியில் செத்துப்போய்விட்டது என்று அழாத குறையாகச் சொன்னேன், நீ "ஸ்டே ஃபோகஸ்டு அம்மா, உன் கோல்ல இருந்து கண்ணை எடுக்காதே" என்றாய். எனக்கு என்னடி கோலும் இலக்கும்? கோழிக்கூண்டின் கதவு ஒழுங்காக மூடினால் போதும். முட்டி வலிக்கிறது, சாயங்கால பஸ்ஸில் சாந்தியாகோ போய்வர முடியாது என்றால் "கம்ஃபர்ட் ஸோனை விட்டு வெளியே வா" என்கிறாய். வலி இருக்கிற இடம் எப்படி கம்ஃபர்ட் ஆகும் என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் உனக்கு வகுப்பு இருக்கிறது என்று வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன், காகிதம் குறுக்கே பேசாது. உன் சித்தி மகள் கிரிசெல்டா சனிக்கிழமை விமானம் ஏறுகிறாள், மரவள்ளி ரொட்டியோடும் பால் இனிப்போடும் இதையும் அவள் பையில் வைத்து அனுப்புகிறேன். இனிப்பை முதலில் சாப்பிட்டுவிடு, படித்த பிறகு உனக்கு அது தொண்டையில் இறங்காது.

இங்கே செய்தி என்று பார்த்தால் கரண்ட் மத்தியானம் போனால் இருட்டிய பிறகுதான் வருகிறது, பின்பக்கத் தகரத்தில் ஒழுகிய இடத்தை உன் தம்பி ஏறி அடைத்துவிட்டான், அவகாடோ மரம் இந்த வருஷம் காய்த்துக் கொட்டுகிறது, தெருவில் பாதிப் பேருக்குக் கொடுத்தும் மிச்சம் கிடக்கிறது. அப்பாவின் ஆண்டுத் திருப்பலிக்கு முன்னால் கல்லறைக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நான் சொல்வதற்கு முன்னாலேயே அதையும் அவன் முடித்துவிட்டான். மற்றபடி தெரு முழுக்க உன் மாணவர்கள்தான். சாந்தியாகோவில் கால் சென்டர் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகத் திறந்துகொண்டே போகிறார்கள், இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் இங்கிலீஷ் வேண்டும், உன் இலக்கு என்ன, உனக்கு உற்சாகம் எங்கிருந்து வருகிறது என்றெல்லாம் இன்டர்வியூவில் கேட்கிறார்களாம், அதற்காகவே அமெரிக்காக்காரர்கள் தினம் பேசுகிற சொற்களாகப் பார்த்து நீ நாளுக்கு ஒன்றாக வீடியோவில் சொல்லித் தருகிறாய். மூலைக்கடை சிப்ரியானோவின் மகள் லெய்டி அரிசி நிறுத்துக்கொண்டே உன் பாடத்தை உரக்கச் சொல்லிப் பார்க்கிறாள். கோயிலில் எனக்கு "டீச்சரோட அம்மா" என்று நாற்காலி போடுகிறார்கள். பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் சொல்லுக்கு ஓர் உதாரணம் வேண்டுமானால் அது ஏன் என் வீட்டிலிருந்தே போகவேண்டும்? முதலில் 'கிவ் அப்' என்றாய். மை பிரதர் ராடாமெஸ் கேவ் அப் ஹாஃப்வே, என் தம்பி ராடாமெஸ் பாதியிலேயே கைவிட்டுவிட்டான். சரி, ஏதோ வாய்க்கு வந்தது என்று விட்டேன். மறுவாரம் 'ரன் அவுட் ஆஃப் ஸ்டீம்', ஆரம்பத்தில் இருந்த வேகம் போகப்போக வற்றிவிடுவதாம், அதற்கும் என் தம்பி. அப்புறம் 'ஃபாலோ த்ரூ', எடுத்த காரியத்தை முடிப்பது, டோன்ட் பி லைக் மை பிரதர் என்று விரலை ஆட்டுகிறாய், பின்னால் ஜனங்கள் சிரிக்கிற சத்தம் வேறு சேர்த்திருக்கிறாய். சாதிப்பதற்கான சரக்கு உள்ளே இருப்பதற்கு ஏதோ ஒரு சொல் சொன்னாயே, அதில் சரக்கு உள்ளவள் நீ, இல்லாதவன் அவன். பெயரையாவது மாற்றியிருக்கக் கூடாதா? பாதாம் மரத்தடியில் சவாரிக்கு நிற்கிற மோட்டார் சைக்கிள்காரன்கள் இவன் தலையைக் கண்டாலே "டேய் ராடா, எங்கடா கிளம்பிட்ட, பாதி வழியில திரும்பிடாத" என்கிறார்கள். டொமினோ ஆடும்போது கட்டையை வைக்கக் கொஞ்சம் யோசித்தால் "இவன் ஆட்டத்தையும் பாதியில விட்ருவான், அக்காவே சொல்லிட்டாங்கல்ல" என்று மேஜையைத் தட்டிச் சிரிப்பு. லெய்டி கள்ளம் கபடம் இல்லாத பெண், அவள் இவனையே நிறுத்தி "அண்ணா, உங்களப் பத்தின வாக்கியம் சரியா வருதா பாருங்க" என்று சொல்லிக் காட்டுகிறாள், இவனும் நின்று கேட்டு, உச்சரிப்பைத் திருத்திக் கொடுத்துவிட்டு, எண்ணெய் பாட்டிலோடு வீட்டுக்கு வருகிறான். எனக்கு அந்த பாட்டிலைச் சுவரில் அடிக்கலாம் போலிருக்கிறது. இதை உன்னிடம் போனில் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "ஐயோ அம்மா, அது வெறும் உதாரணம், நிஜப் பேரு போட்டாத்தான் மனசுல நிக்கும், வாக்கியம் சின்னதா இருக்கணும், அவனே சிரிச்சானே" என்றாய். அவன் எதற்குத்தான் சிரிக்கவில்லை? அப்பாவைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் நின்றானே, அப்போதும் சிரித்தான்.

வாக்கியம் சின்னதாக இருக்கவேண்டும் என்று நீ வெட்டியெறிந்ததை நான் எழுதுகிறேன், உனக்கு நேரமிருந்தால் படி. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபோது அவன் சாந்தியாகோவில் விவசாயப் படிப்பில் கடைசி வருஷம். நீ போன் செய்தாய். நான் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன், அவன் கையில் அப்பாவுக்குக் கொடுக்கிற கஞ்சி இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான். "இங்க தங்குறதுக்கான பேப்பர் இன்னும் முடியலடா, இப்ப கிளம்பினா திரும்ப உள்ள விடமாட்டாங்க, அம்மாவால அப்பாவத் தூக்க முடியாது, நீ கூட இருந்து பாத்துக்க, படிப்பு எங்க ஓடிப்போயிடும்" என்று நீ அழுதாய். அவன் "அழாதக்கா, நான் இருக்கேன்" என்றான். அவ்வளவுதான் பேச்சு. அந்த வாரமே அறையைக் காலி செய்துவிட்டுப் புத்தகங்களோடு வந்து இறங்கினான். நீ வராததற்கு நான் உன்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை, உன் நிலைமை எனக்குத் தெரியும், உன் அப்பாவுக்கும் தெரியும். ஆனால் யோகாஸ்தா, அவனாக எதையும் விடவில்லை. விடச் சொன்னவள் நீ. உன் அப்பா ஃபாஸ்டோ எப்படிப்பட்ட ஆள் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை, மூட்டை தூக்கிய உடம்பு, படுத்த பிறகும் கனம் குறையவில்லை, சவரத்துக்கு அவனைத் தவிர வேறு யாரையும் கிட்டே விடமாட்டார், என்னையும்கூட. வருஷக்கணக்கில் குளிப்பாட்டி, திருப்பிப் படுக்கவைத்து, புண் வராமல் பார்த்துக்கொண்டான். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் உன் பாடங்களைக் கேட்டுக் கேட்டு அவனும் இங்கிலீஷ் படித்தான். அப்பாவை அடக்கம் செய்து முழுசாக நாலு மாதம் ஆகவில்லை, நீ 'கிவ் அப்' பாடம் போட்டாய்.

இப்போது நடந்ததைக் கேள். போன வாரம் ராடாமெஸ் ஒரு கால் சென்டருக்கு இன்டர்வியூவுக்குப் போனான். ராத்திரி வேலை கிடைத்தால் பகலில் போய் அந்த விட்ட வருஷத்தைப் படித்து முடிக்கலாம் என்று அவனுக்கு ஒரு எண்ணம், பல்கலைக்கழகத்தில் விசாரித்தும் வைத்திருக்கிறான். அப்பா போன பிறகு அவன் தனக்கென்று வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான், "அம்மா, அந்த நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டுத் தர்றியா" என்றான். கரண்ட் இல்லை, பக்கத்துத் தெருவில் ஜெனரேட்டர் இருக்கிற வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன். அங்கே கேள்வி கேட்க உட்கார்ந்திருந்த சின்னப் பெண் நல்ல மாதிரிதானாம். இலக்கு வைத்து அதை எட்டிப்பிடித்த கதை ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாள், இவனும் தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பிக்கப் போயிருக்கிறான். அதற்குள் அவள் பெயரைப் பார்த்தாள், ஊரைப் பார்த்தாள். "ஐயோ, அந்த ராடாமெஸா நீங்க? யோகாஸ்தா டீச்சர் தம்பி? கேவ் அப் ஹாஃப்வே?" என்று கத்தியே விட்டாளாம். பக்கத்து அறையிலிருந்து இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டிருக்கிறாள், அவர்களும் உன் பாடத்தைக் கேட்டு வேலைக்கு வந்தவர்கள், எல்லோரும் இவனோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அவர்களுக்கு இவன் டிவியில் வருகிற ஆள் மாதிரி. போட்டோவுக்கு இவனும் சிரித்திருக்கிறான். அது முடிந்ததும் "சரி, இப்ப உங்க கதையச் சொல்லுங்க" என்றாளாம், இவன் ஒரு நிமிஷம் என்று சொல்லி எழுந்து வெளியே வந்து பஸ் ஏறிவிட்டான். இன்டர்வியூவையும் பாதியில் விட்டான் என்று அதை அடுத்த உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளாதே, சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். என்னடா ஆச்சு என்று நான் பின்னாலேயே போய்க் கேட்டேன், "நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா, அவங்களுக்குத்தான் பதில் முன்னாடியே தெரிஞ்சிருக்கே" என்றான். வாழைக்காய் மசியலும் பொரித்த சலாமி இறைச்சியும் வைத்தேன், தட்டைக் காலி செய்தான், கழுவியும் வைத்தான். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்தப் பெண்ணுக்கே மனசு கேட்காமல் மறுநாள் போன் செய்தாள், இந்த வெள்ளி இல்லை, அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி வரச் சொல்கிறாள், இவன் நன்றி சொல்லி வைத்துவிட்டு என்னிடம் "போகலம்மா, விட்ரு" என்கிறான். கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், பாதிரியாரை விட்டும் பேசச் சொன்னேன். அவன் அசையவில்லை. இந்த முறை போகாவிட்டால் அவன் இனி எந்த வாசலிலும் ஏறமாட்டான், பெற்றவளுக்கு அது தெரியும். ஊர் சிரித்ததை அவன் தாங்கிக்கொண்டான், ஆனால் சொன்னது நீ என்பதால் அவனே அதை நம்ப ஆரம்பித்துவிட்டான். எனக்கு வயிறு எரிவது அதனால்தான்.

அதனால் நீ செய்யவேண்டியது ஒன்றுதான். பாடத்தில் சொன்னதைப் பாடத்திலேயே திருத்து, அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் திருத்து. போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கிற வேலை வேண்டாம், அவன் "பரவாயில்லக்கா" என்பான், நீயும் நிம்மதியாகத் தூங்கப் போவாய், பாதாம் மரத்தடிக்கு யார் போய்ச் சொல்வது? என் தம்பி கைவிடவில்லை, நான் கேட்டுக்கொண்டதால் படிப்பை நிறுத்திவிட்டு எங்கள் அப்பா கண்மூடும்வரை அவரைத் தூக்கிச் சுமந்தான், அப்போது நான் அங்கே இல்லை, இப்படிச் சொல். நீளம்தான். மூச்சு வாங்கினால் நடுவில் நிறுத்தி வாங்கிக்கொள். இவ்வளவையும் அடக்குகிற மாதிரி அமெரிக்காக்காரர்களிடம் ஏதாவது சின்னச் சொல் இருந்தால் போடு, இல்லாவிட்டால் முழுசாகவே சொல். என்னைப் பற்றி மாணவர்கள் என்ன நினைப்பார்கள் என்று உனக்குத் தோன்றும். நினைக்கட்டுமே, இவனைப் பற்றி நினைக்கவில்லையா? நீ கெட்டவள் இல்லை, எனக்குத் தெரியும், அப்பா செத்தபோது வர முடியாத ஆத்திரத்தில் எங்கே கை வைப்பது என்று தெரியாமல் இளைத்தவன் மேல் வைத்துவிட்டாய் என்றுதான் நினைக்கிறேன். நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். எதுவானாலும் திருத்து.

ராத்திரி நேரம் கழித்துச் சாப்பிடாதே, போன வீடியோவில் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கம்பளிக் குல்லா இல்லாமல் பனியில் இறங்காதே. கிரிசெல்டாவை ஒரு வேளையாவது உட்காரவைத்துச் சோறு போடு, அவளிடம் இதைப் பற்றி ஒன்றும் பேசாதே, அவளுக்கு வாயில் பூட்டு கிடையாது. கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், மாதா உன்னை வழியில் விடாமல் பார்த்துக்கொள்ளட்டும், கோபத்தோடு கொடுக்கிறேன், ஆனாலும் முழு ஆசீர்வாதம்தான், பாதி பிடித்து வைக்கவில்லை. நீ இதை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிவிடக் கூடாது என்பதற்காக ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். காலையில் உன் பாடம் வந்ததும் இந்தத் தெருவில் அதை முதலில் திறப்பது லெய்டி இல்லை, உன் தம்பி. நான் காபி போடும்போது சமையலறைக் கதவில் சாய்ந்து நின்று ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கேட்கிறான். இன்றைக்கும் கேட்டான். தன் பெயர் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான்.

இப்படிக்கு,
உனக்கும் அவனுக்கும் அம்மா,
எர்சிலியா