பால்மா டின்னில் வந்த சாட்சி

புள்ள,

நேற்று லயத்தில் நம் ஒற்றை அறைக் காம்பிராவுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சாமான்களை வெளியே எடுத்தபோது, அடுப்புக்குப் பின்னால் அந்தப் பால்மா டின் அகப்பட்டது. முதலில் சிரித்தேன். சிரித்த கையோடு அழுதும்விட்டேன். பக்கத்துக் காம்பிராவில் என்ன நினைத்தார்களோ, எனக்கென்ன!

அந்த வருடம் நான் பட்ட பாடு, கட்டிய பெண்டாட்டி உனக்குத்தான் தெரியும். சீனி வியாதிக்குக் காலையில் தோட்ட டிஸ்பென்சரியில் ஊசி. அதற்கு மேல் நீ தட்டிய தடித்த ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். இரண்டு வாய்க்கே வயிறு நிரம்பிவிடும். "வாந்தி எடுத்து எடுத்து ஒடம்பு ஓடாப் போச்சு, இன்னொண்ணு தின்னுங்க" என்று அமுக்குவாய். நானும் தின்பேன். வெளியே போனதை ஈடுகட்ட இன்னும் உள்ளே தள்ளினோமே, அதுதான் நாம் செய்த தப்பு. ஊசி தன் வேலையைப் பார்த்துவிடும். சாப்பாடோ இரைப்பையிலேயே குந்தியிருக்கும். நான் வேலை செய்யும் தேயிலை ஸ்டோரில், கொழுந்து அரைக்கும் ரோலர் பக்கத்தில், உடம்பில் சீனி இறங்கிப்போய், வேர்த்துக் கொட்டி நாக்குக் குழறி நிற்பேன்.

"காலங்காத்தாலேயே ஊத்திக்கிட்டு வந்திருக்கான்!" என்று ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் கத்தினார். அது மூன்றாவது தடவை. நாலு மணிக்கு ஆபீசுக்கு வரச்சொல்லிவிட்டார்கள். கணக்கு முடித்துப் பற்றுச்சீட்டு கொடுத்து அனுப்பினால் வேலை மட்டுமா போகும்? காம்பிராவும் போகும். வீட்டுக்கு வந்து பின்பக்கம் வாந்தி எடுத்தேன். மலையிலிருந்து இறங்கி வந்த நீ நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாய்.

ஆபீசில் நான் கைகட்டி நின்றபோது, கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல் வந்து சேர்ந்தாய். கையில் இந்த டின். கணக்கப்பிள்ளை மறித்தும் நிற்கவில்லை. நேரே தோட்டத் துரையின் மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தாயே, பாவி!

"தொரைங்களே, இது காலையில இவரு தின்ன ரொட்டி. இப்ப மணி நாலு. தேங்காப்பூகூட கரையாம அப்படியே கெடக்கு. சாராயம் குடிச்சவன் வயித்துலயிருந்து இதுவா வரும்? மோந்து பாருங்க!"

துரை நாற்காலியோடு பின்னால் போனார். டீமேக்கர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். ஆனால் பற்றுச்சீட்டுக்குப் பதிலாக, மறுநாள் நுவரெலியாவில் பெரிய டாக்டரைப் பார்க்கத் துண்டு எழுதிக் கொடுத்தார்கள்.

நாள்பட்ட சீனி வியாதியால் இரைப்பை சோர்ந்துவிட்டது, இனி மெதுவாகத்தான் இறக்கும் என்றார் அந்த டாக்டர். வியாதி அடியோடு மாறாது; எதையும் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, ஆறு தடவை குடிக்க வேண்டும். ஊசியின் அளவை மாற்றினார். வேர்த்தால் உடனே சீனி என்றார். திரும்பும்போது பஸ்ஸில் நீ அழுதாய். "ரோலர்ல அளவுக்கு மேல கொழுந்து போட்டா நீங்க திட்டுவீங்கள்ல? ஒங்க வயித்துல நான் அப்படித்தான அமுக்கியிருக்கேன்."

அன்றுமுதல் கொழுந்து லொறிதான் என் மணிக்கூடு. மலையில் தராசில் நிறுத்த கொழுந்து ஸ்டோருக்குள் வந்தால், எனக்கு ஒரு டம்ளர் வடித்த கஞ்சி. மூன்று லொறிக்கு மூன்று டம்ளர், மீதி மூன்றும் உன் கையால். வாந்தி வந்த நாளும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ரோலரை விட்டு என்னை ஒருத்தனும் இறக்கவில்லை!

பிறகு ஒரு மழைக்காலத்தில், நெஞ்சுச்சளிக் காய்ச்சலில் மூன்றே நாளில் நீ போய்விட்டாய். உன்னை எடுக்கும்வரை லயத்தில் யாரும் அடுப்புப் பற்றவைக்கவில்லை. நான் ஊசி போட்டிருந்தேன், கஞ்சி உள்ளே போகாவிட்டால் மயங்கி விழுவேன். காலை லொறி வளைவில் ஊதியது. என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது, கஞ்சிப் பிளாஸ்கும் கையுமாக ஒருவர் வந்தார். அதே டீமேக்கர்!

"பொணம் கெடக்கையில குடிக்கிறதா?" என்றாள் ஒருத்தி.

"குடிய்யா. இல்லாட்டி ஒம் பொஞ்சாதி அந்த டின்னத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சு வந்துருவா" என்றார் அவர்.

உன் தலைமாட்டில் உட்கார்ந்து முழுதையும் குடித்தேன் புள்ள. ஒரு சொட்டுகூடத் திரும்பி வரவில்லை.

டின்னைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டேன். வேர்த்தால் போட்டுக்கொள்ளும் சீனியை நாளைமுதல் அதில்தான் ஸ்டோருக்குக் கொண்டுபோவேன். மூடியைத் திறக்கும்போதெல்லாம் டீமேக்கர் பின்னால் ஓடட்டும்.