கப்பல் அறையில் இரண்டு பேர்

மார்ச் 3, ஞாயிறு

அக்காவிடம் இன்று சொல்லாதது: துறைமுக அருங்காட்சியகத்துக்குத் தனியாகத்தான் போனேன் என்பது. "யாரோடடி போன?" என்று ஃபோனில் கேட்டாள். கேட்கும்போதே குரலில் ஒரு பரிதாபம். "ஃப்ரெண்டோட" என்றேன். வாயில் வந்துவிட்டது.

இந்த ஊருக்கு வேலைக்கு வந்து ஏழு மாதம். வாரம் முழுக்க, கடலில் நனைந்துபோன சரக்குக்கு இழப்பீடு கேட்கும் மனுக்களைப் படிக்கிறேன். ஞாயிறானால் கண்ணாடிப் பெட்டிக்குள் நனையாமல் நிற்கும் கப்பல்களைப் பார்க்கப் போகிறேன். இதில் எங்கே ஃப்ரெண்ட்?

மார்ச் 6, புதன்

அக்கா மறக்கவில்லை. "அவ எப்படிடி இருப்பா?" சத்தமாகச் சிரிப்பாள், போகிற இடமெல்லாம் குடையை விட்டுவிட்டு வருவாள் என்றேன். குடை எங்கிருந்து வந்தது?

ஏப்ரல் 21, ஞாயிறு

அருங்காட்சியகத்தின் கப்பல் அறையில் காவலுக்கு ஒரு பெண் இருக்கிறாள். என் வயதுதான். நான் வைத்திருக்கும் பெயர் நாற்காலிக்காரி. கையில் ஆள் எண்ணும் சின்னக் கருவி. யாராவது நுழைந்தால் கட்டைவிரலால் ஓர் அழுத்து. டிக்.

இன்று நான் நுழைந்தபோது இரண்டு டிக். திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமில்லை.

"நான் ஒருத்திதானே?"

"மெதுவா பேசுங்க. ஆள் வரத்து கொறஞ்சா இந்த ரூமை மூடிடுவாங்களாம். எல்லாரும் மாடியில ஓடற படத்தப் பாக்கப் போயிடறாங்க. வாராவாரம் வர்றது நீங்க ஒருத்தர்தான். அதான் உங்கள ரெண்டா போட்டுக்கறேன்."

"எத்தனை நாளா?"

"ஜனவரி பொறந்ததுலேர்ந்து" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். அக்காவிடம் சொன்னதைச் சுத்தப் பொய் என்று இனி யாரும் சொல்ல முடியாது. பதிவேட்டில் இருக்கிறது, நாங்கள் இரண்டு பேர். பூட்டைத் திறந்து விளக்கைப் போட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

மே 12, ஞாயிறு

மழை. கடற்கரைச் சாலை ஓவியக்கூடம். சுவர் நிறைய ஒரே ஒரு கடல். எதிரே நீளமான பெஞ்ச். நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். வயதான தம்பதி வந்தார்கள். "யாராவது வர்றாங்களாம்மா?" என்று காலி இடத்தைக் காட்டிக் கேட்டார் பெரியவர்.

"ஆமா" என்றேன்.

அவர்கள் நின்றபடியே பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தம்மாவுக்கு முழங்கால் வலி போல. சே. என்ன பிறவி நான்?

மே 22, புதன்

அக்கா ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். "உன் ஃப்ரெண்டையும் வரச் சொல்லு. அவளப் பாக்கத்தான் முக்கியமா வர்றேன்."

காய்ச்சல் என்று சொல்லலாம். கல்யாணம் பண்ணிக் கண்காணாத ஊருக்கு அனுப்பிவிடலாம். ஆனால் தெரிந்துவிட்டால்? "தனியா கெடந்தது போதும்"னு கையோட கூட்டிட்டுப் போயிடுவா. அம்மாவும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்குப் போக வேண்டாம். இங்கே இருக்கவும் தெரியவில்லை —

மே 26, ஞாயிறு

அக்காவோடு கப்பல் அறைக்குள் நுழைந்தேன். டிக், டிக்.

"இன்னைக்கு நெசமாவே ரெண்டு" என்றாள் நாற்காலிக்காரி, என்னைப் பார்த்து.

அக்கா ஒரு பாய்மரக் கப்பலைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, முகத்தைத் திருப்பாமல், "உன் ஃப்ரெண்ட் வரமாட்டா இல்ல?"

நான் கண்ணாடிப் பெட்டியின் ஓரத்தை விரலால் துடைத்தேன்.

"மூணு மாசமா அவளுக்கு ஒரு சளி பிடிக்கல. ஒரு நாள் லேட்டா வரல. உன்கூட ஒரு சண்டை போடல. அப்படி ஒருத்தி யாருக்குடி கெடைப்பா?"

கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. அங்கேயே அழுதேன். நாற்காலிக்காரி எழுந்து வந்து, நாற்காலியை என் பக்கம் நகர்த்திவிட்டுப் போனாள். காவலில் இருப்பவர்கள் அதை யாருக்கும் கொடுக்கக் கூடாதாம், பிறகு சொன்னாள்.

அக்கா அவளிடம் பேச்சுக் கொடுத்தாள். "லீவு நாள்ல எங்க போவீங்க?"

"எனக்கு லீவு திங்கக்கிழமைதான் அக்கா. மியூசியம் மூடுற நாள். அன்னைக்கு ஊரே ஆபீஸ்ல இருக்கும். யாரோட போறது?"

ஸ்டேஷனில், ரயில் கிளம்பும்போது ஜன்னல் வழியாக அக்கா: "திங்கக்கிழமை ஒரு நாள் நீ லீவு போட்டா உன் ஆபீஸ் மூழ்கிடுமா?"

என்னைக் கூட வரச் சொல்லவில்லை.

ஜூன் 3, திங்கள்

லீவு கேட்கவில்லை. என்ன காரணம் எழுதுவது?

ஜூன் 17, திங்கள்

கப்பல் அறையைப் போன வாரம் மூடிவிட்டார்கள். கப்பல்கள் பெட்டியோடு கிடங்குக்குப் போய்விட்டன. நாற்காலிக்காரியை டிக்கெட் ஜன்னலுக்கு மாற்றியிருக்கிறார்கள்.

இன்று லீவு எடுத்தேன். காரணம்: சொந்த வேலை. கடற்கரைச் சாலை ஓவியக்கூடம் திங்கட்கிழமையும் திறந்திருக்கும். அவளும் நானும் உள்ளே போனபோது வாசலில் இருந்தவர் வேறெங்கோ பார்த்தபடி ஒரு டிக்தான் போட்டார். அவள் திரும்பிப் போய், "ரெண்டு பேர் சார்" என்று சொல்லி, இன்னொன்றும் போடவைத்துவிட்டு வந்தாள்.