கப்பித்தானின் பிஸ்டல்

1971 ஏப்ரல் 21, புதன். தன்னாமுனை

தெற்கே பெடியன்களின் கிளர்ச்சி, நாடெங்கும் ஊரடங்கு; பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை. தையல் ரீச்சரான எனக்கு வீட்டிலும் தையல்தான்.

மத்தியானம் ரேடியோவில் அறிவித்தார்கள்: வீட்டிலுள்ள துவக்குகளை எல்லாம் சனிக்கிழமைக்குள் பொலிசில் காட்ட வேண்டுமாம். தம்பி றோய் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. அவன் சேர்த்து வைத்திருக்கிற பழைய துவக்குகளில் நான்குக்கு லைசன்ஸ் உண்டு. ஐந்தாவது, லைசன்சும் இல்லாத, செய்தவன் பெயரும் பொறிக்காத ஒரு பிஸ்டல். தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊருக்குக் கப்பலேறும்போது விற்றுப்போனது. அந்தக் காலத்துப் போர்த்துக்கேயக் கப்பல் தலைவன், ஒரு கப்பித்தான், மூன்று பேரைச் சுட்ட பிஸ்டல் என்று கோயில் திருநாளுக்கு வருகிற சனத்துக்கெல்லாம் றோய் காட்டினானே!

"அக்கா, களப்புத் தண்ணிக்குள்ள எறிஞ்சிருவமா?"

"ஊருக்கே காட்டிப்போட்டு எறிஞ்சா, எங்க ஒளிச்சாய் எண்டு கேப்பானுகள்."

இப்போது நாடு இருக்கிற நிலையில் பிடித்துக்கொண்டு போனால் திரும்பி வருவானா?

ஏப்ரல் 22

பிஸ்டலை ஜன்னலடியில் வைத்துப் பார்த்தேன். வெடிமருந்து போட வழியே இல்லை. கரியும் இல்லை. குழலைச் சுற்றி உள்ளே ஒரு சுருள்வில். இது காற்றில் சுடுகிற பிஸ்டல், ஆளைக் கொல்லாது, ஐம்பது வயதுகூட இராது. எனக்கு நிச்சயம். ஆனால் என் நிச்சயம் பொலிசுக்குப் போதாது, சுட்டுக் காட்ட வேண்டும். குழலை உள்ளே தள்ளினால்தான் வில் இறுகும். அதுவோ அசைய மாட்டேன் என்கிறது. துருவாம், றோய் சொல்கிறான்.

ஏப்ரல் 23

"இதுக்கு என்னடா பூசுற?"

"தேங்காயெண்ணெய். சனிக்குச் சனி."

பெருமை வேறு! பள்ளிக்கூடத்துத் தையல் மெஷினுக்கும் பிள்ளைகள் இதைத்தான் விட்டார்கள். பிசினாய் இறுகிப்போகும். மண்ணெண்ணெயில் எத்தனை மெஷினைக் கழுவி எடுத்தவள் நான்! ஊறப் போட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 24

காலையில் குழல் உள்ளே போனது. விசையை இழுத்தேன் — புஸ்! றோய் என் கையைப் பிடித்து முத்தமிட்டான்.

எல்லாத் துவக்குகளோடும் பொலிசுக்கு நானும் போனேன். குழலின் பின்திருகாணியைக் கழற்றி, குண்டுக்குப் பதில் ஈரக் கடதாசி உருண்டை வைத்துப் பூட்டி, சுவர்க் கலண்டரில் சுட்டேன்; தாள்கூடக் கிழியவில்லை. இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு. பிறகு றோயைப் பார்த்தார்.

"கப்பித்தான் ஆக்களச் சுட்டது இதாலதான் எண்டு ஊரெல்லாம் சொன்னீராமே?"

அதற்கு அவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

"பொய், சேர். கப்பித்தான் எண்டு ஆரும் இல்ல."

"வீட்ட கொண்டுபோங்க. ஆருக்கும் காட்டாதீங்க."

எத்தனை வருடம் இந்தக் கப்பித்தான் கதை பொய்யென்று அவனோடு சண்டை பிடித்தேன்! வென்றுவிட்டேன். சந்தோசம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

ஏப்ரல் 28

றோய் துவக்கு அலுமாரிப் பக்கமே போகவில்லை.

மே 2, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது அயல்வீட்டு மத்தேயு அண்ணன் மறித்தார். "என்ன றோய், கப்பித்தான்ட பிஸ்டல் பத்திரமா இரிக்கா?"

றோய் தலையைக் குனிந்தான். நான் முந்திக்கொண்டேன்.

"அவ்வளவு பழைய சாமான வீட்ட வச்சிருக்கலாமா அண்ணன்? பொலிசிலதான் பாதுகாப்பா இரிக்கு."

வழி முழுக்க றோய் கப்பித்தானின் கப்பலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தான். நானும் ஓம் போட்டேன். பிஸ்டலோ என் தையல் மெஷின் மேசையின் இழுக்கிற லாச்சிக்குள் கிடக்கிறது.