மொட்டை டயர்

உப்புத்தாளில் ரப்பர் தேயும் வாசனை காலையிலிருந்து என் விரலை விட்டுப் போகவில்லை. இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். போகவில்லை.

ஆறு வருடம் கழித்து இன்றைக்குத்தான் மறுபடியும் அந்த வேலையைச் செய்தேன். உப்புத்தாளை மேசைமேல் ஒட்டி, குட்டி வண்டியின் மோட்டாரை ஓடவிட்டு, பின்சக்கரம் இரண்டையும் அதன்மேல் வைத்தேன். கறுப்புத் தூள் பறந்தது. "அழுத்தாத மச்சான், தொட்டாப் போதும்" என்று நீ சொல்வாயே, அது காதில் விழுந்த மாதிரி இருந்தது. கையை எடுத்துக்கொண்டேன்.

இதெல்லாம் என்ன விளையாட்டு என்று நம் இருவரைத் தவிர ஊரில் ஒருவருக்கும் தெரியாது. சிதம்பரத்தில் நாம் டிப்ளமா படித்த காலத்தில், சிங்கப்பூரில் வேலை பார்த்த உன் மாமா பழைய ஸ்லாட் கார் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். பலகையில் நீளமாக ஒரு பள்ளம். பள்ளத்தின் இரு பக்கமும் மின்சாரம் ஓடும் செம்புப் பட்டை. காரின் அடியில் இருக்கும் நாக்கு அந்தப் பள்ளத்தில் இறங்கும். கையிலிருக்கும் விசையை அழுத்தினால் கார் ஓடும். வளைவில் கூட அழுத்தினால் தூக்கி எறியப்படும். பெட்டியோடு வந்த பாதை உடைந்திருந்ததால் பிளைவுட்டில் புதிதாக ஒன்று செய்தோம். பள்ளம் வெட்டிக் கொடுத்த தச்சர் அதைக் 'காடி' என்றார். அப்படியென்றால் இது காடி வண்டி என்றேன் நான். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "இந்தியில காடின்னா வண்டிடா. அப்போ இது இன்னா, வண்டி வண்டியா?" அன்றிலிருந்து நமக்கு அது காடி வண்டிதான்.

பெட்டியில் இருந்தவை எல்லாம் பந்தயக் கார்கள். சிவப்பு, மஞ்சள், பக்கத்தில் எண்கள். உள்ளே வெள்ளைக்கார முகத்தோடு ஓட்டுநர் பொம்மை. ஒரு வாரம் ஓட்டினாய். அப்புறம் ஒருநாள் ஓட்டுநரைப் பிடுங்கி எடுத்து முகத்துக்குக் கறுப்பு கலந்த காவி பூசிக்கொண்டிருந்தாய். ஏன்டா என்று கேட்டேன்.

"இந்த ஊர்ல இந்தக் கலர்ல எவன்டா வண்டி ஓட்றான்?"

அங்கே தொடங்கியது எல்லாம். பந்தயக் காரின் அடிப்பாகத்தை வைத்துக்கொண்டு மேலே நம் ஊர் வண்டிகளைக் கட்டினோம். முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவு. சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் போய் டவுன் பஸ்ஸை முழக்கயிற்றால் அளந்தோம். நடத்துனர் நம்மைத் திருடர்கள் என்று நினைத்து விரட்டினார். ஷேர் ஆட்டோவின் பின்பக்கக் கிழிந்த ரெக்சினுக்குப் பழைய பர்ஸை வெட்டினாய். வண்டி வளைவில் கவிழாமல் இருக்க அடியில் கனம் வேண்டும் என்றபோது எங்கப்பா வலையில் கட்டும் ஈயக்குண்டுகளில் நாலைக் கொண்டுவந்தேன். சுத்தியலால் தட்டித் தகடாக்கி ஒட்டினோம். "கடல்ல மூழ்குறதுக்குச் செஞ்சத ரோட்ல ஓட விட்டுட்டியே" என்று அப்பா திட்டினார். திட்டிவிட்டு மறுவாரம் அவரே இன்னும் இரண்டு கொடுத்தார்.

உனக்கு ஒரே சட்டம்தான். உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும். நான் பம்பரைப் பளபளவென்று தேய்த்தால் நீ அதில் நசுங்கல் போடுவாய். இன்னொன்றும் உண்டு. ஓட்டுநரின் இரண்டு கையும் ஸ்டியரிங்கைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரு தடவை ஆட்டோக்கார பொம்மைக்கு ஒரு கையை வெளியே நீட்டி வைத்தேன். அழகாகத்தான் இருந்தது. "ஒத்தக் கையில ஓட்றவன என் ட்ராக்ல வுட மாட்டேன்" என்று கையை உடைத்துத் திரும்ப ஒட்டவைத்தாய்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் உள்ளதை மாற்றினோம். டயர். உண்மையான டயரில் பட்டை பட்டையாக வெட்டு இருக்கும். நம் பலகையில் அது உதவாது. வழவழவென்று மொட்டையாகத் தேய்த்த ரப்பர்தான் பலகையைப் பிடிக்கும். அதனால் மொட்டை டயர் என்றால் நமக்கு நல்ல டயர். இந்த ஊரில் நமக்கு மட்டும்.

டிப்ளமா முடிந்தது. நான் கடலூரில் வீட்டு வரைபடம் போடும் அலுவலகத்தில் சேர்ந்தேன். உன்னிடம் நேர்முகத் தேர்வில் மதிப்பெண் பார்த்த பிறகு தெருப்பெயர் கேட்டார்கள். அப்புறம் கூப்பிடவில்லை. இரண்டாவது இடத்திலும் அதேதான். "அட்ரஸ் எழுதுற கட்டத்துலயே நான் ஃபெயிலு மச்சான்" என்று சொல்லிச் சிரித்தாய். நான் கொதித்தேன், நீ சிரித்தாய். கடைசியில், ஆலைக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிப்போகும் வேனுக்கு ஓட்டுநரானாய். இயந்திரப் படிப்பு படித்தவன் இயந்திரத்தின் முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டான், அவ்வளவுதான் என்றாய்.

அந்த வேன் ஒரு மழைக் காலையில் ஆலப்பாக்கத்தைத் தாண்டிய வளைவில் வழுக்கி மதகில் மோதியது. பின்னால் இருந்தவர்களுக்குக் கை கால் முறிந்தது. நீ மட்டும் இறந்துபோனாய். ஒன்றரை வருடம் ஆகிறது.

காவல் நிலையத்துக் காகிதத்தில், "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வாகனத்தை ஓட்டி" என்று எழுதியிருந்தது. எல்லா விபத்துக்கும் அதே வரிதான். பெயரை மட்டும் மாற்றுவார்கள். இறந்தவன் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. வேன் முதலாளியும் அதையே சொன்னார், பையன் போனில் பேசிக்கொண்டே ஓட்டியிருப்பான் என்று. பொம்மைக்குக்கூட இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் ஒட்டியவனைப் பற்றி.

உன் மனைவி வழக்குப் போட்டாள். ஒருநாள் என் அலுவலகத்துக்கு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் சொன்னாள். "எனக்கு வேற எதுவும் வேணாண்ணே. அந்தப் பேப்பர்ல அஜாக்கிரதைன்னு எழுதிருக்காங்க பாருங்க, அது இருக்கக் கூடாது. அவுரு அப்படி இல்லன்னு ஒருத்தராவது வந்து சொல்லணும்."

அப்போதே என் போனில் அது இருந்தது. விபத்துக்கு மூன்று நாள் முன்பு, ஷெட்டில் வண்டி நின்றபோது நீ அனுப்பிய படம். வேனின் பின்டயர். அதில் ஒரு வெட்டுக்கூட இல்லை. தேய்ந்து நூல் தெரிந்தது. கீழே நீ எழுதியிருந்தாய்: "மச்சான் நம்ம ட்ராக்குக்கு ரெடி. உப்புத்தாளே வேணாம்."

அதன் கீழே நான் எழுதியது: சிரிக்கும் முகங்கள் மூன்று. "செம கிரிப்பு இருக்கும்டா."

உன்னைத் தடுக்கவில்லை. அந்த வண்டியை எடுக்காதே என்று சொல்லவில்லை. எதற்கெடுத்தாலும் கோபப்படுகிற நான், கோபப்பட வேண்டிய ஒரே இடத்தில் சிரித்துவிட்டேன். வேறு யாருக்கு அனுப்பியிருந்தாலும் பதறியிருப்பார்கள். எனக்கு அனுப்பினாய். மொட்டை டயர் எனக்கு வேடிக்கை.

அவள் வந்துபோன பிறகும் நாலு மாதம் அந்தப் படத்தை யாருக்கும் காட்டவில்லை. படத்தை மட்டும் வெட்டிக் கொடுத்தால் என்ன என்று உன் மனைவியின் வக்கீலிடம் கேட்டேன். "வெட்டிக் குடுத்தா எடுபடாது தம்பி. முழு உரையாடலும் வேணும். நீங்களும் கூண்டுல நிக்கணும்" என்றார். அப்படியென்றால் உன் மனைவி முன்னால் என் சிரிப்பைப் படிப்பார்கள். அது எனக்குத் தெரிந்தது. நாலு மாதம் அதனால்தான். உன் பெயரை விட என் முகம் எனக்குப் பெரிதாக இருந்தது. இதை வேறு மாதிரி எழுத முடியவில்லை.

போன வியாழக்கிழமை கடலூர் நீதிமன்றத்தில் நின்றேன். பையில் நம் டவுன் பஸ்ஸை வைத்திருந்தேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. எதிர்த்தரப்பு வக்கீல் நிதானமான ஆள். என் வரியைச் சத்தமாகப் படித்தார். 'செம கிரிப்பு' என்று அவர் சொன்னதும் பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"அப்போ இது புகார் இல்ல. ரெண்டு ஃபிரெண்ட்ஸ் தமாஷ் பண்ணிருக்கீங்க. சரியா?"

"தமாஷ்தான் சார். ஆனா டயர் தமாஷ் இல்ல."

"புரியல. ஓட்ற டயர் மொட்டையா இருந்தா கிரிப்பு எப்படி இருக்கும்? இட்டுக்கட்டிச் சொல்றீங்களா?"

காடி வண்டியைப் பற்றிச் சொன்னேன். "பொம்மைக் காரா?" என்று அவர் சிரித்தார். நீதிபதி அம்மா சிரிக்கவில்லை. "வெச்சிருக்கீங்களா? காட்டுங்க" என்றார். பஸ்ஸை மேசைமேல் வைத்தார்கள். அவர் அதன் பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு போனில் இருந்த படத்தைப் பார்த்தார். மறுபடியும் சக்கரத்தைத் தடவினார்.

வக்கீல் விடவில்லை. "டயர் போயிடுச்சுன்னு அவருக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் ஓட்டினாரு. அது அஜாக்கிரதை இல்லையா?"

"அவன் எடுக்கலன்னா மறுநாள் வேற ஒருத்தன எடுக்கச் சொல்லிருப்பாங்க சார். ஆள்தான் மாறும். டயர் அதேதான்" என்றேன். குரல் கூடிவிட்டது. நீதிபதி அம்மா மெதுவாகப் பேசச் சொன்னார். ஆனால் நான் சொன்னதை எழுதிக்கொண்டார். அதைப் பார்த்தேன்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. எப்படி வரும் என்று தெரியாது. நம்மைப் போன்றவர்கள் விஷயத்தில் எப்படி வரும் என்று எனக்கு ஓர் அனுமானம் உண்டு. அதை இங்கே எழுதி உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

வெளியே வராந்தாவில் உன் மனைவி நின்றிருந்தாள். நான் அவளைத் தாண்டிப் போய்விடப் பார்த்தேன்.

"நில்லுண்ணே. எங்க ஓடற?"

நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவளே சொன்னாள்.

"அவுரும் சிரிச்சிக்கிட்டேதாண்ணே அனுப்பிருப்பாரு. என்கிட்ட காட்டிருந்தா நான் போக வுட்ருக்க மாட்டேன். அதான் உனக்கு அனுப்பிருக்காரு." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வீட்ல அந்தப் பொட்டி கெடக்குது. அத எடுத்துட்டுப் போ. எனக்கு அத ஒண்ணும் பண்ணத் தெரியல."

அந்தப் பெட்டியைத்தான் இன்று காலை திறந்தேன். உள்ளே நீ பாதியில் விட்ட ஒன்று இருந்தது. உன் வேன். எனக்குச் சொல்லாமலே செய்துகொண்டிருந்திருக்கிறாய். வெள்ளை அடித்து, பக்கவாட்டில் துரு வரைந்து, இடது கதவின் நசுங்கலைக்கூட வைத்திருக்கிறாய். பின்கண்ணாடியில் ஒப்பந்த வண்டி என்ற எழுத்து, அதில் ஓர் எழுத்து உரிந்த மாதிரி. சக்கரமும் ஓட்டுநரும் மட்டும் பாக்கி.

சக்கரத்தைப் பற்றி வெகுநேரம் யோசித்தேன். பிளேடால் வெட்டுப் போட்டு நல்ல டயர் மாட்டலாம் என்று தோன்றியது. உனக்கு அவர்கள் தராததை நானாவது தரலாம் என்று. ஒன்றில் வெட்டவும் தொடங்கினேன். பிறகு நிறுத்திவிட்டேன். நல்ல டயர் போட்டால் பார்க்கிறவன் முதலாளியை நல்லவன் என்று நினைப்பான். உள்ளது உள்ளபடி இருக்கட்டும். சக்கரங்களை மாட்டி, பின்சக்கரம் இரண்டையும் உப்புத்தாளில் வைத்து மொட்டையாகத் தேய்த்தேன்.

பரணிலிருந்து நம் பழைய பலகையை இறக்கி அதில் விட்டேன். அதன் வளைவில் விசையை முழுதாக அழுத்தினேன். அது துளிகூட வழுக்காமல் பலகையைப் பிடித்துக்கொண்டு திரும்பியது. இவ்வளவு நன்றாக நம் வண்டி எதுவும் திரும்பியதில்லை. விசையைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டேன்.

பெட்டியின் மூலையில் பொம்மை ஒன்று மிச்சம் இருந்தது. முகம் வெள்ளையாகவே இருந்தது. கறுப்பு கலந்த காவி குழைத்துப் பூசினேன். உன் நிறத்துக்கு இரண்டு தடவை கலக்க வேண்டியிருந்தது. சட்டைப்பையில் நீ எப்போதும் செருகியிருக்கும் பேனாவை ஊசிமுனையால் வரைந்தேன். போன் வரையவில்லை.

காய்ந்ததும் வேனின் முன்சீட்டில் உட்காரவைத்து, பசை ஒட்டும்வரை விரலால் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.