ரெசின் வாளியில் வந்த புகை

பெங்களூர்,
12.9.2007

அன்புள்ள அப்பாவுக்கு,

அன்பரசன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் இருமல் குறைந்ததா? அம்மா இருக்கன்குடி கோயிலுக்குப் போய் வந்தாயிற்றா? நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே கம்ப்யூட்டர் மெஷின் மரப்பலகையில் வரைபடம்போல மலைகளைச் செதுக்கும். ஆறு ஓடும் பள்ளத்தில் நான் நீல ரெசின் ஊற்றுவேன்; பசை மாதிரி இருக்கும், கலந்து ஊற்றினால் கண்ணாடிபோல இறுகிவிடும். திங்கட்கிழமை ஒரே வாளியில் ரெசினை அதிகமாகக் கலந்துவிட்டேன். வாளி சூடேறிப் புகைந்தது.

“ஏலே, எல்லாரும் வெளிய ஓடுங்கலே” என்று கத்திக்கொண்டு, செருப்பையும் விட்டுவிட்டு ரோட்டைத் தாண்டி ஓடினேன். திரும்பிப் பார்த்தால் ஒருவரும் வரவில்லை. முதலாளி வாளியை வாசலில் கொண்டுவந்து வைத்து, “இது வெடிக்காதுப்பா, உள்ளே வா” என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. விஸ்வநத்தத்தில் தீபாவளி ஆர்டருக்கு நீங்கள் பட்டாசு மருந்து கலந்துகொண்டிருப்பீர்கள் என்ற நினைப்பாகவே இருக்கிறது. அங்கே புகைந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். தயவுசெய்து வாசலை ஒட்டியே உட்காருங்கள்.

என் பழைய கைலி ஒன்றை அனுப்பும்படி அம்மாவிடம் சொல்லுங்கள். மெஷின் நின்றுவிட்டது, பலகையை எடுக்கப் போக வேண்டும். வேலை விட்டு வீட்டுக்கு வந்ததும் தினமும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். பேச வேண்டாம், மணி அடித்தால் போதும்.

உங்கள் மகன்,
அன்பரசன்