வடகரையில் உட்கார்ந்த நல்லகாமன்

786
ஆரப்பாளையம், மதுரை
8-1-1946

அன்பு மகன் சிஹாபுதீனுக்கு அத்தா சேக் மைதீனின் ஸலாமும் துஆவும். நானும் உன் அக்கா ஷரீபாவும் நலம். கால் எலும்பு கூடிவிட்டதாக எழுதியிருந்தாய், அல்ஹம்துலில்லாஹ். பூனாவிலேயே ஸ்டோர் குமாஸ்தா வேலை தருகிறார்கள், மதுரைக்கு வருவதாக இல்லை என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியை மூன்று தடவை படித்தேன்.

வாரப் பத்திரிகையின் சரித்திரத் தொடர்கதையில் இருபதாம் அத்தியாயத்தை வழக்கம்போல் பிரித்தெடுத்து, ஓரம் தைத்து அனுப்பியிருக்கிறேன். கதாநாயகன் நல்லகாமன் மைசூர்ப் போர் முடிந்து மதுரைக்குத் திரும்ப, ஈட்டியையே ஊன்றுகோலாக்கிக்கொண்டு திண்டுக்கல் வரை வந்துவிட்டான். சிறுமலை அடிவாரத்தில் படுத்தால் கனவில் வைகை ஓடும் சத்தம் கேட்கிறதாம். ஐப்பசி வெள்ளமா, கோடையில் மணலுக்கடியில் ஊறும் நீரா என்று ஆசிரியர் சொல்லவில்லை. எனக்கு மணலுக்கடி நீர் என்றுதான் படுகிறது. தவறாகவும் இருக்கலாம். படித்துவிட்டு வெளியே பார்த்தால், திண்டுக்கல் ரோட்டில் புழுதியோடு வருகிறவர்களெல்லாம் அவனாகவே தெரிகிறார்கள்.

ஷரீபா, "அவென் நடந்து வர்றதுக்குள்ள ஆறே வத்திரும்த்தா. ரயில்ல ஏறச் சொல்லுங்க" என்கிறாள். யாரைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

அத்தா,
சேக் மைதீன்


ராணுவ ஆஸ்பத்திரி, பூனா
27-1-1946

மதிப்பிற்குரிய அத்தா அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இருபதும், அடுத்து அனுப்பிய இருபத்தொன்றும் கிடைத்தன. வார்டில் தமிழ் ஆட்கள் ஐந்து பேர். உசிலம்பட்டி வெள்ளைத்துரைக்கு இரண்டு கையிலும் கட்டு. விடிந்ததும், "மாப்ள, நம்மாளு இன்னைக்கு எம்புட்டுத் தூரம் வந்திருக்கான்?" என்பார். நான் வாசிப்பேன்.

வைகையின் வடகரை மண்டபத்துக்கு வந்தவன் ஆற்றைக் கடக்காமல் உட்கார்ந்துவிட்டானே, அதில் அவருக்குப் பெரிய கோபம். "கெண்டக்கால் தண்ணி. எந்திரிச்சு வர வேண்டியதுதான? கிறுக்குப்பய." எனக்கு அவன் உட்கார்ந்தது புரிந்தது.

அத்தா, உங்களைக் கேட்காமல் பட்டாளத்தில் சேர்ந்தேன். ஒரு மாதம் நீங்கள் பேசவில்லை. புறப்பட்ட அன்று மதுரை ஸ்டேஷனில் ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து குடைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. அதில் நீங்கள் சுற்றிய சிவப்பு நூல் எனக்குத் தெரியாதா? வண்டி நகரும்வரை பார்த்தேன். குடை அசையவில்லை. என்னை மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த வீட்டுக்கு எப்படி வருவது? ஸ்டோர் வேலைக்குச் சம்மதமா என்று பிப்ரவரி இருபதாம் தேதிக்குள் சொல்ல வேண்டும்.

மகன்,
சிஹாபுதீன்


786
ஆரப்பாளையம்
5-2-1946

அன்பு மகனுக்கு ஸலாம்.

ஸ்டேஷன் விஷயத்துக்கு நான்கு முறை பதில் எழுதினேன். நான்கும் சரியாக வரவில்லை.

கதை முடிந்துவிட்டது. கடைசி அத்தியாயத்தின் மேல் கஞ்சி கொட்டிவிட்டதால் என் கையாலேயே பிரதி எடுத்து அனுப்புகிறேன். நடை முன்போல் இராது. ஆசிரியருக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ. முடிவு இப்படிப் போகிறது:

'அந்த மண்டபத்திலேயே மூன்றாவது தூணுக்குப் பின்னால் நல்லகாமனின் தகப்பன் நின்றிருந்தான். போருக்குப் போகிறவன் முன்னால் அழக் கூடாது என்று முன்பு அவன் ஒளிந்த தூண் அது. மகன் அதைக் கோபம் என்று எண்ணிவிட்டான். கோபம் ஒரு நாளும் இருந்ததில்லை. இம்முறை தகப்பன் வெளியே வந்தான். ஈட்டியை வாங்கிக்கொண்டான். இருவரும் ஆற்றில் இறங்கினார்கள். நீர் வெதுவெதுப்பாக இருந்தது.'

கடைசி வாக்கியம் தேவைதானா என்று எனக்குச் சந்தேகம். மூலத்தில் இருப்பதால் விட்டுவிட்டேன்.

அத்தா,
சேக் மைதீன்


பூனா
16-2-1946

அன்பு அத்தாவுக்கு,

கடைசி அத்தியாயத்தை வார்டில் வாசித்தேன். முடித்ததும் வெள்ளைத்துரை, "ஏன் மாப்ள, பேப்பர் கெடைக்காம அந்தப் பத்திரிக போன மாசமே நின்னுபோச்சுன்னு கேன்டீன்காரரு சொன்னாரே. பெறகு இது எங்கிட்டிருந்து வந்துச்சு?" என்றார்.

"எங்க அத்தா மூலத்தப் பாத்து எழுதியிருக்காரு" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். "அப்பச் சரி. இன்னொருக்கா வாசி."

ஸ்டோர் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மார்ச் 2, சனிக்கிழமை காலை வண்டியில் மதுரை வருகிறேன். கடைசி வாக்கியம் இருக்கட்டும். ஸ்டேஷனுக்கு வருவதானால் குடையோடு வாருங்கள்.

சிஹாபுதீன்


786
(கார்டு)
ஆரப்பாளையம்
21-2-1946

மகனுக்கு ஸலாம். கடிதம் கிடைத்தது. ஷரீபா இப்போதே வீட்டைக் கழுவத் தொடங்கிவிட்டாள்.

நேற்றும் இன்றும் காலை வண்டி வரும் நேரத்துக்கு ஸ்டேஷன் போய் நின்று பார்த்தேன். இரண்டு நாளும் மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் வேப்பமரத்துக்கு நேராகவே நின்றன. போர்ட்டரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். சனிக்கிழமை அங்கேதான் நிற்பேன். அந்த இடத்தில் தூண் இல்லை.

அத்தா